போல்ட்டுக்குப் போட்ட தேங்காயெண்ணெய்

என்னங்க,

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுதுகிற தூரத்துக்கு நீங்கள் போனதும் இல்லை. போனால் தஞ்சாவூர், மிஞ்சினால் திருச்சி. பொழுது சாய்வதற்குள் வலங்கைமான் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிடுவீர்கள். இப்போது போயிருக்கும் இடத்துக்குத் தபால் கிடையாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். எல்லாம் இந்தக் கையால் வந்தது. நேற்று மத்தியானத்திலிருந்து விரலெல்லாம் துப்பாக்கி எண்ணெய் வாசனை. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், புளி போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. காலையில் இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனேன், அந்த வாசனை வந்தது, அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். அது நம் முதல் ஞாயிற்றுக்கிழமைகளின் வாசனை.

உங்கள் ரைபிளை நேற்று கொடுத்துவிட்டு வந்தேன். அதைச் சொல்வதற்கு மட்டும் இந்தக் கடிதம் இல்லை. உங்களிடம் பதினோரு வருஷம் சொல்லாமல் மறைத்த ஒரு காரியம் உண்டு. உங்கள் கால் போனதற்குக் காரணம் தோட்டா இல்லை, நான். இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லத் துப்பில்லாமல் காலம் கடத்தினேன். வரிசையாகச் சொல்கிறேன், கேளுங்கள். "ஒரு விஷயத்த நேரா சொல்ல வராதே ஒனக்கு, வைக்கோலப் போர சுத்திட்டுத்தான் வருவே" என்று நீங்கள் சலித்துக்கொள்வது கேட்கிறது. சலித்துக்கொள்ளுங்கள், நான் எனக்கு வந்தபடிதான் சொல்வேன்.

மாதத்தில் முதல் ஞாயிறு, காலைப் பலகாரம் முடிந்த கையோடு கூடத்தில் பழைய பேப்பரை விரித்துவிடுவீர்கள். மாமா காலத்தில் வாங்கிய சீமைத் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ். குடமுருட்டிக் கரைக் கோரையிலிருந்து கிளம்பி வருகிற பன்றிகளை விரட்டுவதற்காக என்று பேர். முப்பத்தெட்டு வருஷத்தில் நீங்கள் ஒரு பன்றியையாவது தொட்டதுண்டா? வரப்பில் நின்று வானத்தைப் பார்த்து ஒன்று விடுவீர்கள். அதுகள் சத்தத்துக்கே ஆற்றுக்குள் இறங்கி ஓடும். ஊரில் உங்களை ஆகாச வேட்டைக்காரர் என்று கேலி செய்தார்கள். நானும்தான் செய்தேன். "மேல போற கொக்கு ஏதாவது விழுந்திச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் காப்பியை நீட்டுவேன்.

துப்பாக்கி பீரோவில் உங்கள் வேட்டிகளுக்குப் பின்னால் நிற்கும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற அதன் போல்ட் மட்டும் தனியாக ஒரு துண்டில் சுற்றி என் புடவை அடுக்கில் இருக்கும். போல்ட் இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய், யார் எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. "ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கக் கூடாது" என்பீர்கள். அதனால் உங்களுக்குத் துப்பாக்கி, எனக்குப் போல்ட். நமக்குள் சண்டை வந்தால், "கெணத்துல போட்டுருவேன் ஒங்க போல்ட்ட" என்று நான் மிரட்டுவேன். நீங்கள் பயந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வீர்கள். அந்த முகத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் பறந்துவிடும்.

கழற்றுவது இரண்டு பேர் வேலை. முதலில் குழல் காலிதானா என்று விரலை விட்டுப் பார்ப்பீர்கள், எனக்கும் காட்டுவீர்கள், அதன் பிறகுதான் நான் புடவை அடுக்கிலிருந்து போல்ட்டை எடுத்து வரவேண்டும். அதன் பின்பாகத்தைத் திருகினால் உள்ளே இருக்கும் நீள ஊசி, அதைச் சுற்றிய ஸ்பிரிங்கோடு மொத்தமாக வெளியே வரும். தோட்டாவின் முதுகில் குத்தி வெடிக்க வைப்பது அந்த ஊசிதான். ஊசிமுனையை மணைப்பலகையில் ஊன்றி, இரண்டு கையாலும் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "ம், திருப்பு" என்பீர்கள். நான் வால்பக்கத்துத் துண்டைக் கால் சுற்று திருப்பி எடுப்பேன். அதற்குப் பிறகு நீங்கள் கையை மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். ஒருதடவை எனக்குத் தும்மல் வந்து உங்கள் முழங்கையை இடித்துவிட்டேன். ஸ்பிரிங் துள்ளிப் போனது போனதுதான். கட்டிலுக்கடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால், எல்லா இடமும் தேடிக் கடைசியில் தவலைத் தண்ணீருக்குள் கிடந்தது. நீங்கள் திட்டுவீர்கள் என்று பார்த்தேன். "குளிச்சிட்டு வந்திருக்கு, தொடைச்சு வை" என்றீர்கள்.

பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் பழைய அழுக்கை எடுப்பது, காய்ந்த துணியால் துடைப்பது, காலித் தோட்டாவை இழுத்துப் போடும் கொக்கியின் இடுக்கைத் தீக்குச்சியில் பஞ்சு சுற்றிச் சுத்தம் செய்வது, ஊசிமுனை உருண்டையாக இருக்கிறதா, எங்காவது பிசிறு தட்டுகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது. இதெல்லாம் என் கைக்கும் பழகிவிட்டது. கடைசியில் எண்ணெய் மட்டும் உங்கள் கை. தஞ்சாவூர் துப்பாக்கிக் கடை பாயிடம் வாங்கிய சின்னத் தகர டப்பாவைக் கவிழ்த்து இரண்டு சொட்டு. அதையும் துணியில் தடவி, துணியால் ஊசியில் தடவுவீர்கள். நான் கையை நீட்டினால், "அதுல மட்டும் கைய வைக்காத, ஒனக்கு ரெண்டு சொட்டு பத்தாது" என்பீர்கள். எனக்குச் சுருக்கென்று வரும். கழற்றத் தெரிந்தவளுக்கு, மாட்டத் தெரிந்தவளுக்கு, இரண்டு சொட்டு எண்ணெய் விடத் தெரியாதா?

உங்கள் கால் போன அந்த மார்கழியில் உங்கள் தங்கை பெண்ணுக்குப் பிரசவம் என்று நீங்கள் என்றுமில்லாமல் வேளாங்கண்ணிப் பக்கம் போய் நாலு நாள் தங்கிவிட்டீர்கள். முதல் ஞாயிறு தவறியது. ஐப்பசி, கார்த்திகை என்று இரண்டு மாதம் விடாமல் பெய்து வீடெல்லாம் ஓதம். துண்டைப் பிரித்தேன், போல்ட்டின் கைப்பிடியில் செம்மண் தூசி மாதிரி துரு. எனக்கு வேகம் வந்துவிட்டது. மணைப்பலகையைப் போட்டு, என் உடம்புக் கனத்தையெல்லாம் கொடுத்து அமுக்கி, ஒற்றை ஆளாகவே கழற்றினேன். துடைத்தேன். டப்பாவைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு இல்லை. நீங்கள் வரும்வரை துடைத்தபடியே வைத்திருக்கலாம். வைத்தேனா? எண்ணெய் எல்லாம் எண்ணெய்தானே என்று அடுக்களையிலிருந்து தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தேன். அதிலும் இரண்டு சொட்டோடு விட்டேனா? தலைக்கு வைப்பதுபோல் ஸ்பிரிங் ஊறும்படி ஊற்றி, போல்ட்டுக்குள்ளும் கொஞ்சம் விட்டு மாட்டினேன். பீரோவிலிருந்து ரைபிளை எடுத்து, குழலில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, போல்ட்டைச் செருகி ஒருதடவை சொடுக்கிப் பார்த்தேன். நல்ல வெயில் நேரம். 'டிக்' என்று சுத்தமான சத்தம். எனக்கு ஒரே பெருமை. அடுத்த மாதம் நீங்களே திறந்து பார்த்து, "யாரு தொடைச்சது?" என்று அசந்து போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

நீங்கள் வந்த மூன்றாம் நாள் விடிகாலை. சம்பா பால் பிடிக்கிற சமயம். பன்றி இறங்கிவிட்டது என்று வாய்க்கால் மடை பார்க்கப் போன நம் வயல் ஆள் மாணிக்கம் வந்து குரல் கொடுத்தான். பனி வெள்ளையாக இறங்கியிருந்தது. "போல்ட்ட எடு" என்றீர்கள். எடுத்துக் கொடுத்தேன். சட்டை மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு வேகவேகமாகப் போனீர்கள். நீங்கள் ஓடுகிற மாதிரி நடந்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

வெடிச் சத்தம் வரும், அதற்குப் பிறகு காப்பியை அடுப்பிலிருந்து இறக்கலாம் என்று நின்றேன். சத்தம் வரவில்லை. மாணிக்கமும் அவன் மச்சானும் உங்களைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடது முழங்காலுக்கு மேலே வேட்டியெல்லாம் ரத்தம், உடம்பெல்லாம் சேறு. "வெடிக்கலம்மா" என்று மாணிக்கம் நடுங்கினான். "அய்யா ரெண்டு வாட்டி வானத்தப் பாத்து இழுத்தாரு. டொக்கு டொக்குன்னுச்சு, அவ்ளோதான். ஒரு பன்னி திரும்பி நேரா வந்து குத்திடுச்சு."

கும்பகோணத்தில் உங்களை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, மாற்று வேட்டி எடுத்து வர மறுநாள் காலை வீட்டுக்கு வந்தேன். தலை பரட்டையாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு இப்படிப் போகக் கூடாதே என்று தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தேன். விழவில்லை. குலுக்கினேன், விழவில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. மார்கழிக் காலையில் அது உறையும் என்று இந்த ஊரில் தலை வாருகிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கி எடுப்பவள் நான். போல்ட்டுக்குள் ஸ்பிரிங்கும் ஊசியும் என்ன பாடு பட்டிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தேன், நம்புங்கள். நான் பிளாஸ்க்கோடு உள்ளே நுழையும்போது போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தவர் உங்கள் கட்டிலருகே நின்று எழுதிக்கொண்டிருந்தார். "தோட்டா நமுத்துப் போச்சு சார், ரெண்டு மாச மழை" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். "நமுத்துப் போக அது என்ன அப்பளமா?" என்று அவர் சிரித்தார். நீங்களும் அந்த வலியில் சிரித்தீர்கள். நான் காப்பியை ஊற்றினேன். சொல்லவில்லை. அன்றைக்கு விட்டது, அப்புறம் வாய் வரவேயில்லை.

அதற்குப் பிறகு உங்கள் கால் மடங்கவில்லை. சம்மணம் கூட்டி உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட்டால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும் உங்களுக்கு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி ஓரத்தில் ஒரு நாற்காலியைத் தேட வேண்டியதாயிற்று. அதற்கே கூச்சப்பட்டுக்கொண்டு கல்யாணங்களுக்குப் போவதைக் குறைத்தீர்கள். வாய்க்காலைத் தாண்ட முடியவில்லை. வரப்பில் கால் வழுக்கியது. இரண்டு போகம் பார்த்துவிட்டு, வயலை மாணிக்கத்துக்கே குத்தகைக்கு விட்டீர்கள். பத்திரம் எழுதிய அன்று பக்கத்து வீட்டு வானொலியில் நெல் விலை சொன்னபோது எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினீர்கள். நான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைச் செருப்பால் அடித்தால் தேவலை என்று இருந்தது.

விசாரணைக்கென்று வாங்கி வைத்த ரைபிளை ஸ்டேஷனில் ஒன்றரை மாதம் கழித்து உங்களிடம் கொடுத்தார்கள். வாங்கிய கையோடு தஞ்சாவூரில் ஒரு வேலை என்று போய், சாயங்காலம்தான் அதோடு வீடு வந்தீர்கள். அடுத்த ஞாயிறு சாமியை வேண்டிக்கொண்டே போல்ட்டைத் திறந்தேன். உள்ளே துடைத்து வைத்தாற்போல் சுத்தமாக இருந்தது. ஸ்டேஷனில் யாரோ துடைத்திருக்கிறார்கள், சாமி காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டேஷனில் யார் துடைக்கிறார்கள்? என் புத்திக்கு அது எட்டவில்லை.

நீங்கள் நாற்காலியில், நான் தரையில். புது எண்ணெய் டப்பாவை என் பக்கம் நகர்த்தினீர்கள். "இனிமே எண்ணெயும் நீயே போடு. ரெண்டு சொட்டு." நான் டப்பாவை எடுத்தேன். நீங்கள் பேப்பரில் எதையோ படிக்கிற மாதிரி குனிந்துகொண்டீர்கள். அப்படியே பதினோரு வருஷம். ஒவ்வொரு மாதமும் "ரெண்டு சொட்டு" என்பீர்கள், நானும் "தெரியும் தெரியும்" என்று எரிந்து விழுவேன். ஒரு பொங்கலன்று பொறுக்க முடியாமல், "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். "கால் கடுக்குது, கொஞ்சம் வெந்நி வையி" என்றீர்கள். வெந்நீர் வைக்கப் போனேன். திரும்பி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

போன ஆவணியில் காப்பி தம்ளரைக் கீழே வைத்த கையோடு போய்விட்டீர்கள். லைசென்ஸ் உங்கள் பேரில். நீங்கள் இல்லாத வீட்டில் துப்பாக்கி இருக்கக் கூடாது, துப்பாக்கிக் கடையில் ஒப்படையுங்கள் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். பாய் கடையிலேயே ஒப்படைத்தோம். பெரியவன் பெங்களூரிலிருந்து, "ஒனக்கு எதுக்கும்மா அது, குடுத்துடு" என்று போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தான். லைசென்ஸ் உள்ள ஒருவர் கேட்கிறார், வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று பாய் கூப்பிட்டார். அதற்காகத்தான் நேற்று போனேன்.

உங்கள் பாய்க்கு இப்போது நல்ல வயசாகிவிட்டது. கூத்தாநல்லூரிலிருந்து தினம் வந்து போவதை நிறுத்திவிட்டு மகள் வீட்டோடு தஞ்சாவூரிலேயே இருக்கிறாராம். வாங்க வந்தவர் போல்ட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னார். பாய்க்குக் கண் ஆபரேஷன் ஆன புதிது, விரல் தடுமாறியது. பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை எனக்கு. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "நீங்க அமுக்குங்க பாய், நான் திருப்புறேன்" என்றேன். கால் சுற்று. ஸ்பிரிங் வந்தது. துணியை வாங்கித் துடைத்தேன். ஊசிமுனையை வெளிச்சத்தில் பிடித்து அவருக்குக் காட்டினேன். இரண்டு சொட்டு போட்டு மாட்டினேன். வாங்க வந்தவர் என்னையும் போல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

பாய் சிரித்தார். "அண்ணன் சொன்னது நெசந்தாம்மா. எம் பொண்டாட்டி என்னையவிட சுத்தமா மாட்டுவா பாய்னு எப்பவும் சொல்லும். ஆனா அண்ணனே ஒருவாட்டி பெரிய கூத்துப் பண்ணிச்சு, தெரியுமா? பன்னி குத்திச்சுல்ல, அதுக்கப்புறம் மடங்காத கால வச்சுக்கிட்டு இத தூக்கிட்டு வந்துச்சு. வெடிக்கல, என்னன்னு பாருங்க பாய்னு. பிரிச்சா, உள்ள பூராவும் பிசுபிசுன்னு தேங்காயெண்ண! ஊருக்கெல்லாம் மணக்குது. யாரு அண்ணே இதுல தேங்காயெண்ணய ஊத்தினதுன்னு கேட்டேன்."

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். "என்ன சொன்னாரு?" என்றேன்.

"போல்ட்ட வாங்கி மோந்து மோந்து பாத்துச்சு. அப்பறம் சொல்லிச்சு, நான்தான் பாய், புத்தி கெட்டுப்போய் ஊத்திட்டேன். வெளியில சொல்லிடாதீங்க, மானம் போயிடும். எங்க வீட்டு அம்மாக்கிட்ட சொல்லவே சொல்லாதீங்கன்னு. நல்லா தொடைச்சுக் குடுங்க, வாசன இருக்கக் கூடாதுன்னு ரெண்டு வாட்டி சொல்லிச்சு."

"அவரு ஊத்தல பாய்" என்றேன். "நான் ஊத்துனேன்."

உங்களிடம் சொல்ல முடியாததை முதல்முதலாக ஒரு கடைக்காரரிடம் சொன்னேன். பாய் எழுந்துபோய் நாற்காலியை எடுத்து வந்து போட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் அழவில்லை. கோபம்தான் வந்தது, உங்கள் மேல். தெரிந்த பிறகும் தோட்டாமேலேயே பழியைப் போட்டீர்கள். ஊர் முழுக்க, "தோட்டாவ நமுக்க விட்ட வேட்டைக்காரரு" என்று சிரித்ததை வாங்கிக்கொண்டீர்கள். அந்தப் பொங்கலன்று நான் சொல்ல வந்ததும் தெரிந்துதான் வெந்நீர் கேட்டீர்கள், தெரிந்துதான் கண்ணை மூடினீர்கள். எண்ணெய் டப்பாவை என் பக்கம் நகர்த்தியபோதே மன்னித்துவிட்டீர்கள், இல்லையா? அதை வாய் திறந்து சொன்னால் என்ன குறைந்து போயிருக்கும்? ஒரே ஒருநாள், "அறிவிருக்கா ஒனக்கு? தேங்காயெண்ணயையா ஊத்துவே?" என்று கத்தியிருந்தால், நான் ஓவென்று அழுது, உங்கள் காலைப் பிடித்து, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, அதோடு முடிந்திருக்குமே. நான் தாங்கமாட்டேன் என்று நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள். சொல்லாமல் இருந்ததைத்தான் நான் தாங்கினேன், அது உங்களுக்குத் தெரியவில்லை.

என்னையும் சொல்ல வேண்டும். வாயாடி என்று பெயர் எடுத்தவள், ஒரு வாக்கியம் சொல்ல முடியாமல் பதினோரு வருஷம் உங்களுக்குச் சோறு போட்டேன். நீங்கள் ரசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் குத்தியது. கால் அமுக்கிவிடும்போது நீங்கள் என் தலையில் கை வைத்தாலும் குத்தியது. உங்கள் அன்பையெல்லாம் திருடி வாங்குகிற மாதிரியே வாங்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் தெரிந்து கொடுத்தது என்று நேற்றுத்தான் தெரிகிறது.

பெரியவன் மறுபடி போன் செய்தான், குடுத்துட்டியா, நிம்மதியா என்று கேட்டான். குடுத்துட்டேன் என்றேன். நிம்மதி என்று சொல்லவில்லை. எனக்கு எதையும் திரும்பக் கேட்கத் தெரியவில்லை, உங்கள் காலையோ வயலையோ கேட்கிற யோக்கியதையும் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பதினோரு வருஷமும் உங்கள் எதிரில் குற்றவாளியாகவே உட்கார்ந்திருந்தேன். மன்னிக்கப்பட்டவளாக, அது தெரிந்தவளாக, உங்கள் பக்கத்தில் ஒரு பொழுதுகூட உட்காரவில்லை. அந்த ஒரு பொழுது எனக்கு வேண்டும், என்னங்க. நீங்கள் பேச வேண்டாம். சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.